மாமனார் இல்லாத வீடு

யாராவது தும்மினால் அக்கா "நூறு" என்பாள். குழந்தை தும்மினால் நூறு வயசு இரு என்று வாழ்த்துவது எங்கும் உள்ள வழக்கம்தான். அக்கா ஆள் பார்க்க மாட்டாள். மருந்துச் சீட்டோடு நிற்கும் கிழவர், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று பறக்கும் காலேஜ் பெண், கரும்பு லாரி டிரைவர், யார் தும்மினாலும் சரி. கை வேலையை விடாமல், தலையைக்கூட நிமிர்த்தாமல், "நூறு". இரண்டு தும்மலுக்கு இரண்டு நூறு. மழைக்காலத்தில் ஜலதோஷக்காரர்கள் வரிசை கட்டி நிற்கும்போது எங்கள் கடை ஏலக்கடை மாதிரி இருக்கும்.

பாகூர் கடைத்தெருவில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் நாங்கள் இருவரும் வேலை பார்த்தோம். நான் பில் போடுவேன், அவள் மருந்து எடுத்துக் கொடுப்பாள். ஊரே அவளை மெடிக்கல் அக்கா என்றுதான் கூப்பிட்டது. நல்ல உயரம். கருகருவென்று ஒரு சடை. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். கோபப்படவே தெரியாதவள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது தப்பு என்று பிறகு தெரிந்தது.

மருந்தைக் கொடுத்ததோடு அவள் வேலை முடியாது. கவுண்டர் மேல் எப்போதும் ஒரு எவர்சில்வர் சொம்பில் தண்ணீர் இருக்கும்.

"இப்ப போடற மாத்திரதானே? இங்கியே போடு. வூட்டுக்குப் போயி போட்டுக்கறேன்னு சொல்ற கதையெல்லாம் எனுக்குத் தெரியும். என் கண்ணு முன்னால முழுங்கு."

முழுங்கும்வரை மீதிச் சில்லறை வராது. படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரை அட்டையின் பின்பக்கம் மார்க்கர் பேனாவால் படம் போட்டுத் தருவாள். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்குப் பிறை. சூரியனுக்கு இரண்டு கண்ணும் ஒரு சிரிப்பும் வைப்பாள். பிறைக்கு ஒன்றும் கிடையாது, அது தூங்குகிறதாம். படிக்கத் தெரிந்தவர்களும் படம் போட்டுத் தரச்சொல்லிக் கேட்டு வாங்கிப் போனார்கள்.

அடுத்தவர் உயிர்மேல் அவளுக்கு அப்படி ஓர் அக்கறை. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் அவள் ஜாதகத்தில் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தது.

அக்காவின் நட்சத்திரம் மூலம். மூல நட்சத்திரத்துப் பெண் மருமகளாக வந்தால் மாமனாரின் உயிருக்கு ஆகாது என்பார்கள். எங்கள் பக்கத்தில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆயில்யம் என்றால் மாமியாருக்கு ஆகாது. இதெல்லாம் சும்மா என்று டிவியில் வரும் ஜோசியர்களே சொல்கிறார்கள். டிவியை அணைத்துவிட்டு அம்மாக்கள் பழையபடி பேசிக்கொள்கிறார்கள். வீட்டில் மூலத்துப் பெண் இருந்தால் மாமனார் இல்லாத வீடாகப் பார்த்துக் கொடுப்பார்கள். தரகரிடம் சொல்வதே அப்படித்தான். பையன் படித்திருக்க வேண்டும், குடிக்கக் கூடாது, அப்பா செத்திருக்க வேண்டும்.

அக்காவின் அம்மா குருவிநத்தத்தில் இருந்து வாரம் தவறாமல் மூலநாதர் கோயிலுக்கு வந்து விளக்குப் போடுவாள். போகிற வழியில் தரகரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவாள். அந்தத் தரகர் ஒருமுறை கடைக்கே வந்துவிட்டார்.

"பிரமாதமான எடம்மா. அரங்கனூரு. வூட்டுல நொழைஞ்சதுமே எதிர்ச் செவுத்துல மாலை போட்ட போட்டோ, பெருசா, சீரியல் லைட்டோட. உனுக்குன்னே அமைஞ்ச மாதிரி இருக்குது."

அக்கா அவருக்கு ஜெலுசில் கொடுத்து அனுப்பினாள். அவர் போனபிறகு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். ஆனால் சிரித்து முடித்தபோது அவள் கண் கலங்கியிருந்தது. "செத்துப்போனவரு போட்டோவ பாத்து நல்ல எடம்னு சொல்றாரு பாருடி" என்றாள்.

எனக்கு இந்தப் பொருத்தம் பார்க்கும் கலையின் மேல் பெரிய மரியாதை கிடையாது, இருந்ததும் கல்யாணத்தோடு போய்விட்டது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பத்துக்கு ஒன்பது பொருத்தம். கணப் பொருத்தம் மட்டும் இல்லை. அவர் தேவ கணம், நான் ராட்சச கணம். மீதி ஒன்பதை வைத்துச் சமாளிக்கலாம் என்றார் ஜோசியர். பொருந்தாத அந்த ஒன்றோடுதான் இன்றைக்கும் நான் குடித்தனம் நடத்திக்கொண்டிருக்கிறேன்.

வந்த இடத்தையெல்லாம் அக்கா தட்டிக்கழித்ததற்குக் காரணம் இருந்தது. டவுனில் இருந்து எங்கள் கடைக்கு மருந்துப் பெட்டிகளைப் பைக்கில் கட்டிக்கொண்டு வரும் ஒருவர். சேலியமேட்டுக்காரர். பெட்டியை இறக்கி வைத்துவிட்டுச் சொம்புத் தண்ணீரைக் குடிப்பார். முதலில் அரைச் சொம்பு குடித்தார், பிறகு முழுச் சொம்பு, பிறகு இரண்டாவது சொம்பும் கேட்க ஆரம்பித்தார். வெயிலுக்காக ஒருவர் இவ்வளவு தண்ணீர் குடிக்க மாட்டார் என்று எனக்கு அப்போதே தெரியும்.

அது முற்றிக் கல்யாணம் பேசுகிற அளவுக்கு வந்தது. சாதி ஒன்றே. கொஞ்சம் நெல், கொஞ்சம் கரும்பு என்று வசதியும் ஏறக்குறைய ஒன்றே. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வேறு காரணமே கிடைக்காத ஜோடி. ஜோசியர் கட்டத்தைப் பார்த்தார். எட்டுப் பொருத்தம் இருக்கிறது, பையனுக்கும் பெண்ணுக்கும் ஒட்டிப் போகும், பிள்ளைப் பேறு உண்டு என்றார். அப்புறம் பையனின் அப்பா இருக்கிறாரா என்று கேட்டார். இருந்தார். திடகாத்திரமாக இருந்தார்.

பையனின் அம்மா அன்றைக்கே முடிவாகச் சொல்லிவிட்டாளாம். "பொண்ணு தங்கமா இருக்கலாம். எனுக்கு என் தாலி வேணும். இந்த வூட்டு வாசப்படிய அவ மிதிக்கக் கூடாது." அந்த அம்மாவை நான் நிறையத் திட்டியிருக்கிறேன். இப்போது திட்ட வாய் வரவில்லை. தன் புருஷன் உயிரோடு இருக்க வேண்டும் என்பதைத் தவிர அவள் எதையும் கேட்கவில்லை.

அந்தப் பெரியவர் ஒருநாள் தானாகவே கடைக்கு வந்து நின்றார். மொபெட்டை நிறுத்திவிட்டு, வேட்டியை அவிழ்த்துக் கட்டி, பிரஷர் மாத்திரைச் சீட்டைக் கவுண்டரில் வைத்தார். அக்காவை மேலும் கீழும் பார்த்தார்.

"நீதானா என்ன கொல்லப்போற பொண்ணு?"

அக்கா சீட்டை எடுத்துப் படித்தாள். அட்டையை எடுத்தாள். சூரியனை வரைந்தாள், கண் வைத்தாள், சிரிப்பு வைத்தாள்.

"மொதல்ல மாத்திரைய முழுங்குங்க பெரியவரே. கொல்றத அப்பறம் பாத்துக்கலாம்" என்று சொம்பை நகர்த்தினாள்.

அவர் முழுங்கிவிட்டுக் கடையே அதிரச் சிரித்தார். மடியில் இருந்து பொடி டப்பாவை எடுத்து ஒரு சிட்டிகை இழுத்தார். மூன்று தும்மல் போட்டார்.

"நூறு. நூறு. நூறு" என்றாள் அக்கா.

"முந்நூறு வருசம் நான் இருந்தா உன் கதி இன்னாம்மா ஆவறது?"

அன்றிலிருந்து அவர் எங்கள் கடை ஆள் ஆகிவிட்டார். வீட்டில் பால் சொசைட்டிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வருவார். கடை வாசலில் நின்றே "மருமவளே" என்று கூப்பிடுவார், தெருவே திரும்பிப் பார்க்கும். அக்காவுக்கு முகம் சிவந்துபோகும். வந்ததும் பொடி போடுவார். அவள் "நூறு" சொல்வதைக் கேட்பதற்காகவே போடுகிறார் என்று நான் ஒருநாள் சொன்னேன். "பின்ன? எங்கூட்டுல யாரு சொல்றா? பொடி வாட ஆவாதுன்னு எங்கூட்டுக்காரி மூக்க மூடிக்கினு போயிடுவா" என்றார். ஜோசியர் போட்ட கட்டத்தில் உள்ள சூரியன் சந்திரனைவிட மருமகள் அட்டையில் போட்ட சூரியன் சந்திரன்தான் தனக்குக் கண்கண்ட கிரகம் என்பார். தன் பிள்ளையைப் பற்றி மட்டும் அதிகம் பேச மாட்டார்.

பிள்ளை நல்ல மனுஷன்தான். அதில் குறை இல்லை. அம்மா அழுதால் அம்மா பக்கம், அக்கா அழுதால் அக்கா பக்கம். இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் டவுனுக்கு ஸ்டாக் எடுக்கப் போய்விடுவார்.

ரிஜிஸ்டர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்களேன் என்று நான் சொன்னேன். சொல்வதற்கு என்ன, பில் போடுகிற இடத்தில் உட்கார்ந்துகொண்டு ஆயிரம் சொல்லலாம். அக்கா மாத்திரைப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"பண்ணிக்கலாம்டி. அதுக்கப்பறம் அவருக்கு ஒரு தலவலி வந்தாகூட எல்லாரும் என் மூஞ்சியத்தான் பாப்பாங்க. அந்தம்மா ஒவ்வொரு நாளும் காலைல எழுந்து அவருக்கு மூச்சு வருதான்னு பாக்கும். எனுக்கும் பயமாதான் இருக்கும். அப்பிடி ஒரு வூட்டுல எப்பிடி சோறு எறங்கும்?"

அவளுக்கே நம்பிக்கை இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இல்லை என்பாள். ஆனால் பெரியவர் வருகிற நாள் தள்ளிப் போனால் வாசலையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

அவள் கோபத்தை நான் பார்த்தது ஒரே ஒரு தடவை. மதியம், கடையில் கூட்டமில்லை. சேலியமேட்டுக்காரர் பெட்டியை இறக்கிவிட்டுத் தண்ணீர் குடித்தார். "கொஞ்ச காலம் பொறுத்துக்க" என்றார். இதை அவர் சொல்வது புதிதல்ல. அக்கா எப்போதும் போலத் தலையாட்டியிருப்பாள். அதோடு அவர் நிறுத்தியிருக்கலாம்.

"அப்பாவுக்கும் வயசாவுது இல்ல" என்றார்.

அக்கா கையில் இருந்த சிரப் பாட்டிலைக் கவுண்டரில் வைத்தாள்.

"வயசாவுதுன்னா?"

"இல்ல, சும்மா சொன்னேன்…"

"இன்னாத்துக்கு பொறுக்க சொல்ற? வாய வுட்டு சொல்லு. நான் எதுக்குக் காத்துகினு இருக்கணும்?"

அவர் சொம்பை இறக்கி வைத்தார். அவள் குரல் உடைந்துவிட்டது. "மாசாமாசம் அவருக்கு மாத்திர குடுக்கறவ நானு. நூறு சொல்றவ நானு. எங்கிட்ட வந்து நின்னு எப்பிடி உனுக்கு இத சொல்ல வாய் வந்துச்சு? போயிடு."

அவர் போனார். அதற்குப்பிறகும் வந்தார், பேசினார்கள், அவள் சிரித்தாள்கூட. ஆனால் அந்த வார்த்தை இருவருக்கும் நடுவில் கிடந்தது. அதை எடுத்துப்போட யாராலும் முடியவில்லை.

அந்த ஐப்பசியில் பெரியவர் வரவில்லை. மாத்திரை தீர்ந்திருக்க வேண்டும், ஆள் வரவில்லை. மழை என்று நினைத்தோம். மழை விட்டது, அப்போதும் வரவில்லை. பிள்ளையைக் கேட்டால், "நல்லாதான் இருக்காரு, மாத்திர நெறைய இருக்குதாம்" என்றார். அக்கா என்னைப் பார்த்தாள். "நான் குடுத்த கணக்குக்கு எப்பிடிடி நெறைய இருக்கும்?" என்றாள். உடனே என் ஸ்கூட்டியை எடுக்கச் சொன்னாள்.

சேலியமேட்டில் அந்த வீட்டின் முன்னால் இரும்பு கேட். அக்கா கேட்டுக்கு வெளியே, தெருவில் நின்றுகொண்டாள். வாசப்படியை மிதிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது கேட்டுக்கும் சேர்த்தா என்று எனக்குத் தெரியவில்லை, அவள் சேர்த்தே எடுத்துக்கொண்டிருந்தாள். நான்தான் கூப்பிட்டேன். பெரியவர் வெளியே வந்தார். முகம் வீங்கியிருந்தது. நடை தடுமாறியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு உள்பக்கம் நின்றார்.

"மாத்திர போடறீங்களா?" என்றாள் அக்கா.

"போடறேன்."

"அட்டைய காட்டுங்க."

அவர் சட்டைப் பையில் இருந்து எடுத்துக் கொடுத்தார். சூரியன் போட்ட அட்டையும் பிறை போட்ட அட்டையும். கடையில் முழுங்கிய ஒன்றைத் தவிர ஒரு மாத்திரைகூடப் பிரிக்கவில்லை.

"நடுவுல நான் ஒருத்தன்தானே நிக்கறேன்" என்றார். "நான் பாத்துட்டேன்மா எல்லாத்தியும். கழனி பாத்துட்டேன், காசி பாத்துட்டேன். நீங்க ரெண்டு பேரும் எத்தினி நாளுக்கு இப்பிடி நிப்பீங்க? கவுறு மாட்டிக்கினா ஊரு பேசும். மாத்திரைய நிறுத்துனா யாரு கேக்கப் போறா?"

அக்கா அழவில்லை. அந்தச் சூரியன் அட்டையில் இருந்து ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்து கேட்டின் கம்பிக்கு நடுவே நீட்டினாள்.

"முழுங்குங்க மாமா" என்றாள்.

அதுவரை அவள் அவரைப் பெரியவரே என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள்.

"என் கல்யாணத்துல நீங்க முன்னால நின்னு என் தலைல அட்சத போடணும். நீங்க இல்லாத கல்யாணம் எனுக்கு வேணாம். அப்பிடி ஒண்ணு நடக்கவே நடக்காது. நல்லா கேட்டுக்கங்க, நீங்க போனா நான் வர மாட்டேன். அப்பறம் எதுக்காக சாவறீங்க?"

தண்ணீர் இல்லை. நான் ஸ்கூட்டியில் பாட்டிலைத் தேடினேன். அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து அந்த அம்மா வந்தாள். எவ்வளவு நேரமாகக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தாளோ, முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். கையில் ஒரு சொம்பு. புருஷனிடம் கொடுக்கவில்லை. கேட்டுக்கு மேலாக அக்காவிடம் நீட்டினாள். அக்கா வாங்கி, திரும்பக் கேட்டுக்கு மேலாகவே அவர் வாயருகில் பிடித்தாள். அவர் முழுங்கினார். கேட் மட்டும் திறக்கவில்லை.

அதன்பிறகு அவர் மாத்திரையை நிறுத்தவில்லை. கார்த்திகையில் கடைக்கு வந்தார், பொடி போட்டார், நூறு வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "எங்கூட்டுக்காரிகிட்ட சொல்லிட்டேன். தையில தேதி பாக்க சொல்லிட்டேன். என் உசுரு, அத பத்தி முடிவு பண்ண வேண்டியது நானு" என்றார். அந்த அம்மா சம்மதித்தாளா என்று கேட்டேன். "அழுவறா. ஆனா வேணாம்னு சொல்லல" என்றார். அக்கா அன்றைக்கு முழுவதும் எல்லா அட்டையிலும் பிறைக்கும் கண் வைத்துவிட்டாள்.

மார்கழியில் அவர் செத்துப்போனார்.

விடியற்காலை கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவர் மோட்டார் கொட்டகை வாசலில் விழுந்து கிடந்தார். மாரடைப்பு என்றார் டாக்டர். மாத்திரை போட்டாலும் சில சமயம் இப்படித்தான், வயதும் ஆயிற்று, பனியும் அப்படி என்றார். டாக்டர் சொன்னதை யார் கேட்டார்கள்?

அக்கா ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டாள். இருவரும் போனோம். தெருவில் பந்தல், நாற்காலி, பறைச் சத்தம். எங்களைப் பார்த்ததும் பெண்கள் கூட்டம் அமைதியாகிவிட்டது. சொந்தக்காரி ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

"தேதி பாக்கறோம்னு வாயெடுத்ததுக்கே தூக்கினு பூடுச்சி பாரு. கால் வெச்சிருந்தா குடும்பத்தையே வாரிக்கினு போயிருக்கும்."

சேலியமேட்டுக்காரர் ஈர வேட்டியோடு உள்ளே நின்றிருந்தார். அக்காவைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். அந்தக் குனிவை நான் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன். அக்கா கேட்டுக்கு வெளியே நின்று மாலையை என்னிடம் கொடுத்தாள். நான் உள்ளே போய்ப் போட்டுவிட்டு வந்தேன். கேட் அன்றைக்கு அகலத் திறந்துதான் கிடந்தது. ஊரில் உள்ள அத்தனை பேரும் போனார்கள், வந்தார்கள். அவள் எதிர்ச்சாரியில் ஒரு வேப்பமரத்தடியில் நின்று, பாடை கண்ணுக்கு மறைகிறவரை பார்த்தாள். பிறகு கடைக்கு வந்து முகம் கழுவிக்கொண்டு மருந்து எடுத்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் யாருக்கும் நூறு சொல்லவில்லை. முதலில் நான் கவனிக்கவில்லை. ஒருநாள் ஒரு சின்னப் பெண் தும்மிவிட்டு, வழக்கப்படி வாழ்த்து வரும் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. அக்கா பேசாமல் அட்டையைக் கத்தரித்துக்கொண்டிருந்தாள். நான்தான் அந்தப் பெண்ணுக்கு நூறு சொன்னேன். என் வாயில் அது நன்றாக இல்லை.

வருஷத் திதி முடிந்து அந்த அம்மா கடைக்கு வந்தாள். வெறும் நெற்றி. கேட்டில் பார்த்ததைவிடப் பாதியாக இளைத்திருந்தாள். இடுப்புச் சுருக்குப் பையைப் பிரித்து, பாதி தீர்ந்த ஒரு மாத்திரை அட்டையைக் கவுண்டரில் வைத்தாள். பின்பக்கம் சூரியன் சிரித்தது.

"அன்னிக்குக் காலைலகூட டீக்கு முன்னாடி போட்டுட்டுதான் போனாரு. என் கண்ணால பாத்தேன். நீ சொன்னத அவரு தட்டல" என்றாள். "ஜோசியர பாத்துட்டு வந்தேன். இனிமே ஒரு தடையும் இல்லன்னுட்டாரு. எனுக்கும் இனிமே பயப்பட ஒண்ணும் இல்ல. பையன் உன்னியே நெனைச்சிக்கினு கெடக்கறான். வந்துடும்மா."

நான் அக்காவின் முதுகைக் கிள்ளினேன். சரி என்று சொல்லு என்பதுதான் அதற்கு அர்த்தம். எத்தனை வருஷம்! அக்கா அந்த அட்டையை எடுத்து, தான் போட்ட சூரியனையே விரலால் தடவினாள்.

"அவரு இருக்கறப்ப அந்த கேட்ட தெறந்திருந்தா ஓடி வந்திருப்பேன்மா" என்றாள். "இப்ப வந்தா, அவரு எப்ப போவாருன்னு காத்துகினு இருந்தவளா ஆயிடுவேன். நான் காத்துகினு இல்ல. ஒரு நாள்கூட இல்ல."

"எனுக்குத் தெரியாதா?" என்றாள் அந்த அம்மா. இருவரும் அழுதார்கள். வாங்க வந்தவர்கள் தெருவிலேயே நின்றுவிட்டார்கள்.

அவள் போனபிறகு நான் அக்காவைப் பிடித்துக் கத்தினேன். பைத்தியமா உனக்கு, செத்தவர்கூட இதைத்தானே ஆசைப்பட்டார் என்றேன். என் கத்தல் அடங்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"அந்த வூட்டு செவுத்துல இப்ப அவரு போட்டோ மாட்டியிருக்கும், மாலை போட்டு, லைட்டு போட்டு. அதுக்குக் கீழ நின்னு எப்பிடிடி தாலி கட்டிக்கறது? அந்தத் தரகர் சொன்ன வூடு மாதிரியே இருக்கும்."



சேலியமேட்டுக்காரருக்குப் பிறகு வேறு இடத்தில் கல்யாணம் ஆனது. பத்துக்குப் பத்து என்று கேள்வி. ஓசூரில் வேலை கிடைத்துப் பெண்டாட்டியோடு போய்விட்டார். நானும் அரியாங்குப்பத்துக்குக் குடி வந்துவிட்டேன். எனக்கு ஒரு பெண் பிறந்தாள். அவளுக்கு நான் ஜாதகம் எழுதவில்லை. பிறந்த நேரத்தைக் கேட்டு மாமியார் இன்னமும் துளைக்கிறாள். மறந்துவிட்டது என்கிறேன். ராட்சச கணம் என்று ஏற்கெனவே பெயர் வாங்கியாகிவிட்டது, இன்னும் என்ன?

போன சித்திரையில் பாகூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவள், கடைக்கும் போனேன். அக்கா அதே இடத்தில் நின்றிருந்தாள். சடையில் நரை. கல்யாணம் ஆகவில்லை, ஆகாது என்று ஊரும் விட்டுவிட்டது. என்னைப் பார்த்ததும் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே ஓர் அம்மாள் மெல்ல நடந்து வந்து கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சேலியமேட்டு அம்மாதான். மாசாமாசம் பிரஷர் மாத்திரைக்கு வருகிறாளாம். தனியாக இருக்கிறாளாம்.

அக்கா கேட்காமலே அட்டையை எடுத்தாள், சூரியன் போட்டாள். அந்த அம்மா மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் இருந்து எதையோ எடுத்தாள். பெரியவரின் பொடி டப்பா. ஒரு காலத்தில் அந்த வாடைக்கே மூக்கை மூடிக்கொண்டு போனவள் ஒரு சிட்டிகை எடுத்து இழுத்தாள். பழக்கம் போதாமல் கண்ணெல்லாம் கலங்க, பெரிதாக ஒரு தும்மல் போட்டாள்.

"நூறு" என்றாள் அக்கா.

தன்னை அறியாமல் வந்துவிட்டது. அவள் கை மார்க்கர் பேனாவோடு அப்படியே நின்றது. அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒண்டியா நூறு வருசம் இருந்து நான் இன்னாடி பண்ணப் போறேன்?"

"மாசாமாசம் மாத்திர வாங்க வருவீங்க" என்றாள் அக்கா. ஒரு மாத்திரையைப் பிதுக்கி அந்த அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். சொம்பை நகர்த்தினாள். "என் கண்ணு முன்னால முழுங்குங்க அத்தை."

அந்த அம்மா முழுங்கினாள்.